நாம் மூட்டாத தீ

"நாம எரிச்ச காடா அண்ணே இது? எரிச்சவன் வந்து நடட்டும்."

ராஜா மூசா காட்டில் மரக்கன்று நட்டுவிட்டுத் திரும்பும் வழியில், வேனின் பின்இருக்கையிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவன் நம் இயக்கத்துத் தம்பிதான். சட்டம் படிக்கிறான், வாய் சும்மா இருக்காது. முழங்கால் வரை கறுப்புச் சேறு, முதுகில் வெயில் எரிச்சல், கையில் காலி தண்ணீர் பாட்டில். அந்த நிலையில் யாரும் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னோடு கிள்ளான் வரை வந்தது. வீட்டுக்குள்ளும் வந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோலசிலாங்கூர் பக்கம், பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டினால் வட சிலாங்கூர் சதுப்புக்காடு வரும். நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்த ஊர் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். காட்டின் பரப்பு ஏறக்குறைய 80,000 ஹெக்டேர். அதன் ஒரு பகுதிதான் ராஜா மூசா வனக்காப்பகம். அங்குள்ள மண்ணை மலாயில் 'தானா காம்புட்' என்பார்கள். மண் என்று சொன்னாலும் அது மண் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீரில் ஊறி, மட்கியும் மட்காமலும் கிடக்கும் கறுப்புப் படுகை. நடந்தால் மெத்தை மாதிரி அமுங்கும். தண்ணீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கும்.

அந்தத் தண்ணீர் இருக்கும்வரை காட்டுக்கு ஆபத்தில்லை. 1990இல் வனக்காப்பகமாக அறிவிப்பதற்கு முன், பல ஆண்டுகளாக அங்கே மரம் வெட்டினார்கள். வெட்டிய மரத்தை மிதக்கவிட்டு இழுத்து வரக் கால்வாய்கள் தோண்டினார்கள். பிறகு சிலர் அத்துமீறி நுழைந்து, பயிர் வைக்க மேலும் கால்வாய் வெட்டினார்கள், தீ வைத்தார்கள். தண்ணீர் வடிந்தது. காய்ந்த அந்தப் படுகை என்ன தெரியுமா? விறகு. காடு முழுவதும் விறகின் மேல்தான் நிற்கிறது. ஒரு தீக்குச்சி போதும்.

இந்தத் தீ விசித்திரமானது. மேலே எரிவதை விட அடியில்தான் அதிகம் எரியும். கொழுந்து விடாது, கனன்றுகொண்டே வேர் வழியாக ஊர்ந்து போகும். பொம்பாக்காரர்கள் மேலே தண்ணீர் அடித்துவிட்டுப் போன இடத்தில் சில நாள் கழித்துப் பத்தடி தள்ளிப் புகை கிளம்பும். வாரக்கணக்கில் நடக்கும். மழை வந்து நிலத்தடி நீர் மேலேறினால்தான் முழுதாக அடங்கும்.

எல்லாக் காடும் தீயை இப்படி எதிர்கொள்வதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 'சப்பரல்' என்ற புதர்க்காடு இருக்கிறது. அங்கே சில புதர்கள் எரிந்த அடிக்கட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்கும், சில விதைகள் சூடோ புகையோ பட்டால்தான் முளைக்கும். அந்தக் காடு தீயோடு பழகிய காடு. ஆனால் தீ அடிக்கடி வந்தால் அதுவும் தோற்றுவிடும். புதர் போய் அந்நியப் புல் வந்துவிடும். நம் சதுப்புக்காடோ தீயையே பழகாதது. ஒருமுறை எரிந்தாலே தடுமாறும். இரண்டு மூன்று முறை எரிந்தால் லாலானும் கோரையும் பெரணியும் அடைத்துக்கொண்டு மரக்கன்றைத் தலைதூக்க விடாது. லாலான் காய்ந்தால் மறுபடி தீ. இப்படியே சுற்றும்.

2008 முதல் சிலாங்கூர் மாநில வனத்துறையும் உலகளாவிய சுற்றுச்சூழல் மையமும் அங்கே மறுசீரமைப்பு வேலை செய்கின்றன. சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் கன்று வளர்த்துக் கொடுக்கிறார்கள். எங்களைப் போன்ற குழுக்கள் போய் நடுகின்றன. நாங்கள் நட்டது மஹாங் மரம். அகன்ற இலை, வேகமாக வளரும், நேரடி வெயிலைத் தாங்கும். அது நிழல் கொடுத்த பிறகுதான் மெராந்தி, கெம்பாஸ் போன்ற பெரிய மரங்களுக்கு வழி.

அங்கே எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் முதலிலேயே ஒன்று சொன்னார்: "நடுறது ரெண்டாவது வேலை. முதல் வேலை தண்ணியை நிறுத்துறது." கால்வாய்க்குக் குறுக்கே கட்டையும் மணல் மூட்டையும் வைத்து அடைக்க வேண்டும். தண்ணீர் மேலேறினால் பல இடங்களில் மஹாங் தானாகவே முளைக்கும், யாரும் நடத் தேவையில்லை. கேட்டதும் எங்கள் குழுவில் பாதிப்பேர் முகம் வாடியது. கன்றோடு நின்று படம் எடுக்கலாம். மணல் மூட்டையோடு யார் படம் எடுப்பார்கள்? உண்மையைச் சொல்கிறேன், நானும் அன்று கன்றுப் பக்கம்தான் போனேன்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான். நாம் கற்ற கர்மக் கொள்கையின் சாரம் அதுதான். பிராயச்சித்தமும் செய்தவனுக்கே உரியது. ஒருவன் குடித்ததற்கு இன்னொருவன் விரதம் இருக்க முடியாது. அப்படியானால் தம்பி சொன்னது சரிதானே? எவனோ எரித்த காட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நாம் ஏன் போக வேண்டும்? புண்ணியத்துக்காக என்றால், அதற்கு வீட்டுப் பக்கத்திலேயே கோயில் இருக்கிறது, அன்னதானம் இருக்கிறது.

என்னால் இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், என் கை சுத்தமில்லை.

2005 ஆகஸ்டில் நான் இடைநிலைப்பள்ளி முதல் படிவம். அந்த மாதம் 11ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டிவிட்டது. எதிர்வீடு தெரியவில்லை. பாட்டி ஈரத்துணியைக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டே இருந்தார். சுமத்ராவில் எரிக்கிறார்கள், அவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் திட்டினோம். நானும்தான்.

அதற்கு அடுத்த ஜனவரியில் போகி. பந்திங் போகும் சாலைப் பக்கம் என் பெரியப்பா வாடகை நிலத்தில் காய்கறி போட்டிருந்தார். அங்கே நானும் அண்ணன்மாரும் பழைய பாய், காய்ந்த கொடி, ஒரு மோட்டார் சைக்கிள் டயர் எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தினோம். பழையன கழிதலாம்! முடிந்ததும் மூன்று வாளி தண்ணீர் ஊற்றினோம். அணைந்துவிட்டது என்று நினைத்தோம். அது காம்புட் நிலம் என்பது எங்களுக்குத் தெரியாது. எட்டு ஒன்பது நாள் கழித்துப் பெரியப்பா போன் செய்தார். குவியல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, நாலைந்து அடி தள்ளிக் கத்தரிப் பாத்திக்குள்ளிருந்து புகை வருகிறதாம். மண்வெட்டியால் தோண்டத் தோண்டச் சிவப்பாகக் கனன்றதாம். பக்கத்து நிலத்துக்கும் பரவியது. அங்கிருந்த குடும்பத்தில் ஒரு கைக்குழந்தை. இரவெல்லாம் இருமல் என்று அந்த அம்மா வந்து அழுதிருக்கிறார். யார் வைத்த தீ என்று அவருக்குத் தெரியாது. பெரியப்பாவும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பெரிய மழை ஒன்று வந்து அதை அணைத்தது. குழந்தைக்கு என்ன ஆனது என்று நான் போய்க் கேட்கவே இல்லை. இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு இருபது வயது இருக்கும்.

வேனில் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பிரிக்பீல்ட்ஸில், கந்தசுவாமி கோயிலுக்குப் போய்விட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பியிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நீங்க நடுங்க அண்ணே, நியாயம்தான். நான் எதுக்கு நடணும்?" என்றான். வக்கீலாக வருவான், சந்தேகமில்லை.

அவனுக்குச் சொல்ல அன்று எனக்குத் தோன்றியது காண்டவ வனம். பாண்டவர்களுக்குப் பங்காகக் கிடைத்தது காண்டவப்பிரஸ்தம். அக்கினி பகவான் பிராமண உருவில் வந்து பசி என்று கேட்க, கண்ணனும் அர்ச்சுனனும் அந்தக் காட்டை அவருக்கு உணவாகக் கொடுக்கிறார்கள். தப்பி ஓடிய உயிர்களையும் விடவில்லை. தப்பித்தவை மிகச் சில. அசுவசேனன் என்ற பாம்பு, மயன், நான்கு குஞ்சுப் பறவைகள். சின்ன வயதில் கதை கேட்டபோது காண்டீபம் கிடைத்த இடம் என்று மட்டும்தான் நமக்குச் சொன்னார்கள். பாரதம் அதோடு விடவில்லை. தட்சகன் அன்று காட்டில் இல்லை, அவன் மனைவி அர்ச்சுனனின் அம்பில் மாண்டாள். பின்னாளில் அந்தத் தட்சகன் கடித்துச் செத்தவன் யார்? அர்ச்சுனனின் பேரன் பரீட்சித்து. முனிவர் கழுத்தில் செத்த பாம்பைப் போட்டதும் அதனால் வந்த சாபமும் அவனுடைய சொந்தக் கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் சாபத்தை நிறைவேற்ற வந்த பல்லு காண்டவத்தில் வீடிழந்த பல்லு. பரீட்சித்தின் மகன் ஜனமேஜயன் மறுபடி தீ மூட்டினான், இந்த முறை பாம்புகள் அனைத்தையும் எரிக்க. அதை நிறுத்தியவர் ஆஸ்திகர். அப்பா முனிவர், அம்மா நாக குலம். ரொம்பச் சின்ன வயசு. அவர் காண்டவத்தையும் எரிக்கவில்லை, பரீட்சித்தையும் கடிக்கவில்லை.

"கதை நல்லாருக்கு. ஆனா எங்க தாத்தா அர்ச்சுனன் இல்லண்ணே, கூலி" என்றான் தம்பி.

இந்த இடத்தில்தான் விஷயம் உண்மையில் கடினமாகிறது. நம் மேடைகளில் நாம் பெருமையாகப் பேசுவது என்ன? காட்டை அழித்து நாட்டை உருவாக்கியவர்கள் நம் முன்னோர். மலேரியாவும் பாம்புக்கடியும் தாங்கி, காடு வெட்டிக் கொளுத்தி, கித்தா நட்டு இந்த நாட்டுக்குச் சோறு போட்டவர்கள். உண்மை. என் தாத்தாவும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தோட்டத்தில் பால் வெட்டியவர். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் போடப்பட்டதே அந்த வட்டாரத்தில்தான். போட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ தென்னமரம். பெயரில் தமிழ், உழைப்பில் தமிழ், லாபத்தில் மட்டும் தமிழ் இல்லை. லாபம் கப்பலேறிப் போனது. பின்னால் தோட்டங்கள் கைமாறித் துண்டானபோது நம் ஆட்களுக்கு மிஞ்சியது லயன் வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம். இப்போது, நூறு வருஷம் கழித்து, கூலியின் பேரன் வந்து காட்டை மறுபடி நட வேண்டுமா? தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை லேசாகத் தள்ள மாட்டேன்.

இருந்தாலும் நான் இரண்டு சொல்லைப் பிரித்துப் பார்க்கிறேன். பாவம் வேறு, கடன் வேறு. பாவம் பரம்பரைச் சொத்தில்லை. அப்பா செய்த குற்றத்துக்கு மகனை ஜெயிலில் போடுவதில்லை. ஆனால் அப்பா வாங்கிய வீட்டில் மகன் குடியிருந்தால் வங்கித் தவணையை யார் கட்டுவது? நம் மரபு இதை முன்பே சொல்லியிருக்கிறது. தேவர் கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்று மூன்று கடனோடுதான் மனிதன் பிறக்கிறான். எந்தக் குற்றமும் செய்யாத பச்சைக் குழந்தைக்கே கடன் இருக்கிறது. ஏன்? அது யாரோ வைத்துப்போன உலகத்தில் வந்து பாலைக் குடிக்கிறது, அதனால்.

தாத்தாவுக்கு லாபம் கிடைக்கவில்லைதான். எனக்குக் கிடைத்திருக்கிறது. செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களுக்குப் போகும் நீரில் அந்தச் சதுப்புக்காட்டில் தேங்கி வடியும் நீரும் சேர்கிறது. அந்த அரிசியில் நான் பொங்கல் வைக்கிறேன். ஜொஹான் செத்தியாவில் காம்புட் எரியும்போது கிள்ளானில் இருமுவது நம் பிள்ளைகள். காடு நனைந்து கிடக்கும் மாதங்களில் மூச்சு விடுவதும் அவர்கள்தான். கொள்ளையடித்தவனைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும், அபராதம் வாங்க வேண்டும். சரி. அவன் பிடிபடும்வரை மூச்சை நிறுத்தி வைக்க முடியுமா?

இன்னொன்று. இதைச் சொன்னபோதுதான் தம்பி கரண்டியைக் கீழே வைத்தான்.

2020இல் கோலலங்காட் வடக்கு வனக்காப்பகத்தில் 930 ஹெக்டேரைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கப் போவதாக மாநில அரசு அறிவித்தது. அதுவும் காம்புட் காடுதான். சுற்றிலும் தெமுவான் பூர்வகுடி மக்களின் கிராமங்கள். காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது, காடு ஏற்கெனவே கெட்டுவிட்டது, அடிக்கடி தீப்பிடிக்கிறது என்பது. எதிர்ப்புக் கிளம்பியது. இருந்தும் 2021இல் 500 ஹெக்டேருக்கும் மேல் நீக்கியது தெரிய வந்தது. எதிர்ப்பு மேலும் வலுத்ததால் அந்த ஆண்டு செப்டம்பரில் அரசு முடிவைத் திரும்பப் பெற்றது.

அந்த வாதத்தைக் கவனியுங்கள். கெட்டுப்போனது, ஆகவே கைவிடலாம். இந்த வாக்கியத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? நான் கேட்டிருக்கிறேன், பள்ளியில், பின்வரிசைப் பையன்களைப் பற்றி. போலீஸ் நிலையத்தில் ஒரு இரவு இருந்துவிட்டு வந்த பையனைப் பற்றி. "அவன் கெட்டுட்டான், விடுங்க." நம் இயக்கம் வாராவாரம் பார்க்கப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒருமுறை எரிந்தவர்கள்? அவர்களை யார் எரித்தார்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டா அவர்கள் வீட்டுக்குப் போகிறோம்? காட்டையும் மனிதனையும் ஒன்றாக வைப்பது மிகை என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டிலும் முதல் வேலை தண்ணீரை நிறுத்துவதுதான், யாரும் படம் எடுக்காத வேலை.

ஒரு துணைச் செய்தி, நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் பற்றி. 1881இல் கோலாலம்பூரில் பெரும் தீ. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய கடைகள் சாம்பலாயின. அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. பிறகு செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று சுவெட்டன்ஹாம் சொல்ல, செங்கல் சூளைகள் பெருகிய இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். ஊர்ப் பெயரே எரிந்த பிறகு கட்டிய கதை. அங்கே செங்கல் சுமந்தவர்களா அந்தத் தீயை மூட்டினார்கள்? இதைச் சொன்னதும் தம்பி, "செங்கல் சுமந்தவனுக்குச் சம்பளம் உண்டுண்ணே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பில்லை நான் கட்டினேன்.

நெருப்பை நாம் கும்பிடுகிறவர்கள். கல்யாணத்துக்குச் சாட்சி அக்கினி, சாவுக்கும் அதுவே. அதனால் தீயைக் கெட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஓமகுண்டத்துக்கு நாலு பக்கமும் ஏன் செங்கல் வைக்கிறோம் என்று மட்டும் இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். போகிக்கு எங்கள் வீட்டில் டயர் கொளுத்துவதில்லை. பழைய துணியை மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறோம். அண்ணன்மார் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

ஜூலையில் மறுபடி ராஜா மூசா போனோம். நான் நட்ட வரிசையில் பாதிக்குமேல் காணோம். லாலான் தின்றுவிட்டது. இருந்தவற்றில் ஒன்று என் இடுப்பு உயரம், இலை யானைக்காது மாதிரி. இந்த முறை நான் கன்றுப் பக்கம் போகவில்லை. கால்வாய் அடைப்பு ஒன்று ஒரு பக்கம் கசிந்துகொண்டிருந்தது, அதைச் சரிசெய்யும் குழுவில் சேர்ந்தேன். மணல் மூட்டை ஒவ்வொன்றும் ஈரத்தில் இரண்டு மடங்கு கனம். எனக்கு முன்னால் போனவன் திரும்பிப் பார்த்தான். தம்பி.

"நான் இன்னும் ஒத்துக்கலண்ணே" என்றான். "இது கடன்னா, யாருக்கு, எவ்வளவு, எப்ப முடியும்னு சொல்லணும். முடியாத கடன் கடனே இல்ல."

"மூட்டையைக் கீழ வை, சொல்றேன்" என்றேன். வைத்தான். சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. இன்னொரு மூட்டை எடுக்கப் போய்விட்டோம்.

அடுத்த பயணம் வறண்ட மாதம் தொடங்கும் முன் இருக்கும். வருகிறவர்கள் காலுக்குச் சரியான அளவில் ரப்பர் பூட்ஸ் கொண்டு வாருங்கள். பெரிய அளவு போட்டால் கால் வரும், பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிடும். போன முறை என்னுடைய ஒன்று அங்கேயே இருக்கிறது.